காமாலைப் பத்தியம்

பிப்ரவரி 4, சனி

பதினாறு பேர். பதினாறு படிவங்கள். கட்டைவிரலில் மை.

இந்த அறை முன்பு சத்துணவுக் கூடம். சுவரில் ஒரு முட்டையும் ஒரு கேரட்டும் வெளிறிப்போய் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் எங்கள் சட்டக் கல்லூரியின் உதவி மையம் இங்கே நடக்கிறது. நாங்கள் மாணவர்கள். மனு எழுதலாம், நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. எழுதியதில் கையெழுத்துப் போட்டு எழுந்து நிற்பவர் வழக்கறிஞர் பிச்சையா சார். பத்து வருடமாக, காசு வாங்காமல்.

சாவி மாடத்தியக்காவிடம். சேலை முந்தியில் முடிந்திருக்கும். எட்டரைக்குத் திறந்து, பெருக்கி, தண்ணீர் வைத்துவிட்டு, வாசலில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு வரிசை அவருடைய ஆட்சி.

"ஏ கைப்பிள்ளக்காரி, முன்னால வா. அண்ணாச்சி, உங்க கேசு எங்கயும் ஓடிப் போவாது. செத்த நில்லுங்க."

படிவத்தில் ஐந்து கேள்விகள். பெயர். முகவரி. என்ன நடந்தது. எப்போது. ஐந்தாவது: உங்கள் குறை யார் மீது? ஐந்தாவதுக்கு வரும்போது எல்லோருக்கும் குரல் இறங்கிவிடுகிறது. இன்று ஒரு அம்மா மகன் பெயரைச் சொன்னார். நான் எழுதியதும், "எழுதிட்டியா? அழிச்சிரு" என்றார்.

மார்ச் 11 மையத்தின் பத்தாம் ஆண்டு விழா. இத்தனை நாள் தாங்கிப் பிடித்தவர்களுக்குப் பொன்னாடை, பாராட்டு மடல், ஒரு விழா மலர். மையப் பொறுப்பாளர் நளினி மேடம் நான்கு பெயர்களைக் கொடுத்தார். பிச்சையா சார். ஜாப் டைப்பிங் ஸ்டெல்லா அக்கா. ஜெராக்ஸ் கடை காஜா பாய். மாடத்தியக்கா. நான்கு மடல்களும் நான் எழுத வேண்டும். "நீதான் கொஞ்சமா எழுதுவ" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மலரில் போட மூவருக்குப் படம் கிடைத்துவிட்டது. மாடத்தியக்காவுக்கு இல்லை. ரேஷன் கார்டில் இருப்பதைப் படம் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 6, திங்கள்

மாடத்தியக்காவின் வழக்கு புதன்கிழமை. இது எங்கள் கோப்பு. என் கோப்பு.

இருபத்தேழு வருடமாக ஒரே வீடு, நான்கைந்து குடித்தனம் சேர்ந்த வளவில். ஒரு அறை, ஒரு அடுப்படி. வீட்டுச் சொந்தக்காரப் பெரியவர் இறந்துபோனார். அவர் மகன் இடித்துக் கட்டப் பார்க்கிறார். காலி செய்யச் சொல்லி வழக்கு. அக்காவிடம் ஒரே ஒரு காகிதம் உண்டு. பெரியவர் கைப்பட எழுதியது: மாடத்தி உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் இருந்துகொள்ளலாம். தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சி. அதைப் புதன்கிழமை நீதிபதி முன்னால் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அக்கா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். "எலி அரிசியத் திங்கும், காயிதத்தத் திங்காது. அதுக்கும் ருசி தெரியும்லா."

புதன்கிழமை அங்கேயே படமும் எடுத்துவிடலாம் என்று வகுப்புத் தோழன் ஜெபசிங்கிடம் சொன்னேன். அவன் கைபேசியில் நன்றாக விழும்.

பிப்ரவரி 8, புதன்

படம் நன்றாக வந்திருக்கிறது. நீதிமன்ற வளாகத்து வேப்பமரம். நீலச் சேலை. கையில் பிளாஸ்டிக் உறை. முதல் ஏழு படங்களில் கல் மாதிரி நின்றார். எட்டாவதில் சிரித்தார்.

வழக்கு சரியாக நடக்கவில்லை. கூப்பிட்டபோது ஆள் இல்லை. கோர்ட் சேவகர் டவாலி மூன்று முறை பெயர் கூப்பிடுவார். அந்தக் குரல் வெளியே சரியாகக் கேட்பதில்லை. முப்பத்து நான்காவது வழக்கு இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்னால் இருந்தவை எல்லாம் வாய்தா ஆகிவிட்டன. பிச்சையா சார் வேறு கோர்ட்டில் இருந்தார்.

ஆள் வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம்.

விடுதியில் உப்புமா. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 9, வியாழன்

பிச்சையா சார் அறை. தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். முப்பது நாளைக்குள் கேட்க வேண்டும். ஏன் வரவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் வேண்டும்.

"வளாகத்துலதான இருந்த? கூப்பிடும்போது எங்க போன?" சார் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசம்.

மாடத்தியக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கப் போனேன்யா. நாக்கு வறண்டு போச்சு."

"தண்ணியா?"

"ஆமாய்யா."

நான் அங்கேதான் இருந்தேன். ஜன்னல் பக்கத்து நாற்காலி. கையில் கோப்பு.

பிப்ரவரி 13, திங்கள்

"தண்ணி குடிக்கப் போனேன்னு எழுதினா மனுவத் தூக்கி வீசிருவாவ" என்றார் பிச்சையா சார். "காமாலைன்னு போடு. நாட்டு வைத்தியம்னு போட்டுட்டா சர்ட்டிபிகேட்டும் வேண்டாம். முப்பது வருசத்துல ஊருல பாதிப்பேருக்கு நான் காமாலை வர வச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். இது நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்த நோய். நீதிபதிகளுக்கும் தெரியும். ஸ்டெல்லா அக்காவின் கணினியில் காமாலைக்குத் தனியாக ஒரு பக்கமே இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.

நான்தான் மாற்றினேன். 'மேற்படி தேதியில் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருந்து உட்கொண்டு, வீட்டைவிட்டு வெளியே வர இயலாத நிலையில் படுக்கையில் இருந்தேன்.'

வாசித்துக் காட்டினேன். அக்கா முழுதும் கேட்டார்.

"சத்தியம்னு மேல போட்டிருக்கே தாயி?"

"அது எல்லாத்துலயும் போடுறதுக்கா."

"எல்லாத்துலயுமா." பேனாவை வாங்கினார். பிறகு நான்கு எழுத்துக்கு நான்கு மூச்சு வாங்குவதுபோல, மாடத்தி என்று போட்டார். முதல் த-வின் மேல் புள்ளி வைக்க மறந்து, திரும்பிப் போய் வைத்தார். வேண்டாத இடத்திலும் ஒன்று வைத்தார்.

மடல்களில் இரண்டு முடித்தேன். காஜா பாய்க்கு எழுதுவது எளிது.

பிப்ரவரி 18, சனி

மனு பதிவாகிவிட்டது. விசாரணை ஏப்ரல் 5.

இன்று மையத்தில் யாரோ பருப்பு வடை கொண்டுவந்தார்கள். மாடத்தியக்கா தொடவில்லை.

"எண்ணெய் ஆகாதுல்லா. காமாலைக்கு."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணெய் இல்லை, புளி இல்லை, உப்பும் பாதி. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கிறார்.

"எதுக்குக்கா?"

"சத்தியம்னு கையெழுத்துப் போட்டாச்சு. கொஞ்சமாவது உண்மையா இருக்கட்டுமே. சாமி கேட்டா, நோய்தான் பொய், மருந்து உண்மன்னு சொல்லுவேன்." சுளகில் பீடி இலையை நறுக்கியபடி, "எவ்வளவு கசக்குன்னு தெரியுமாட்டி ஒனக்கு?"

எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 25, சனி

படிவங்கள் பதினொன்று. மழை வரும்போல் இருந்து வரவில்லை.

சாயங்காலம் ஜெபசிங்கோடு டீ. அவன் கிளாசைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"உலகு, ஒண்ணு சொல்லட்டா. அன்னைக்கு அக்கா போணும் போணும்னு சொல்லிட்டே இருந்தாவ."

"யாரு சொன்னா?"

"நான் எதுத்தாப்பலதான நின்னேன். எனக்குக் கேட்டுச்சு."

"நீ படம் எடுக்காம நிறுத்தியிருக்கலாம்லா."

"நிறுத்தினேனே. நீதான..." டீக்காரருக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

அன்று என்ன பேசினேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

மார்ச் 1, புதன்

மாடத்தியக்காவுக்கான மடல். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். மேஜையில் பிரமாணப் பத்திரத்தின் நகலும் கிடந்தது. இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன: மாடத்தி, கணவர் பெயர் சுடலையாண்டி, வயது ஐம்பத்து நான்கு. பிறகு ஒன்றில் அவர் படுத்திருக்கிறார். ஒன்றில் பத்து வருடமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் கதவைத் திறக்கிறார்.

கடைசியில் நான்கு வரி எழுதினேன். மேடம் நன்றாக இருக்கிறது என்றார்.

மார்ச் 4, சனி

மாலையில் அச்சகம். ஏழாம் பக்கம் மாடத்தியக்கா. முழுப் பக்கப் படம்.

அச்சகத்து அண்ணன் திரையைக் காட்டினார். "மூலையில தேதி, டைமெல்லாம் விழுந்திருக்கே. வெட்டிரவா?"

"இருக்கட்டும்ணே. ஆவணம்லா."

சட்டம் படிப்பவர்களுக்குத் தேதி பிடிக்கும். தேதி இல்லாத எதையும் நாங்கள் நம்புவதில்லை.

முந்நூறு பிரதி. சட்டகம் போட்ட பெரிய படம் ஒன்று, அக்காவுக்குப் பரிசு.

மார்ச் 11, சனி

விழா.

நாற்காலிகள் போதவில்லை. குத்துவிளக்கில் ஒரு திரி எரியவே இல்லை. காஜா பாய் மேடையில் பேசச் சொன்னதும், "பக்கத்துக்கு ரெண்டு ரூவா வாங்காததத் தவிர நான் ஒண்ணும் பண்ணல" என்று சொல்லி இறங்கிவிட்டார். ஸ்டெல்லா அக்கா அழுதார். பிச்சையா சாருக்குப் போட்ட பொன்னாடையை அவர் உடனே மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார், பழக்கம்.

மாடத்தியக்காவைக் கூப்பிட்டபோது வாசலில் இருந்தார். வந்தவர்களின் செருப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். மைக்கில் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாவது முறை நானே எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

மேடம் படத்தைக் கையில் கொடுத்தார். அக்கா நெடுநேரம் பார்த்தார். முந்தியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாந்தானா இது? பல்லுகூட நல்லாத்தான் இருக்கு."

சபை கைதட்டியது. வழக்கறிஞர் சங்கத்திலிருந்து வந்த பத்துப் பேர் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். அவர்களில் அந்த வீட்டுக்காரரின் வக்கீலும் ஒருவர். அவரும் கைதட்டினார். எல்லோரையும்போல் மலரை வாங்கி விசிறிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் அக்கா சோற்றையும் மோரையும் மட்டும் வாங்கினார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. சேலையை இன்னும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறார்.

நான் வடை சாப்பிட்டேன். இரண்டு.

மார்ச் 12, ஞாயிறு

மலரின் ஏழாம் பக்கத்தை மறுபடி பார்த்தேன். மூலையையும் பார்த்தேன். மூடிவைத்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

யாரும் மலர்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்க மாட்டார்கள். விழா மலரை யார் படிக்கிறார்கள்.

மார்ச் 27, திங்கள்

பிச்சையா சார் அறைக்குப் போனேன். கட்சிக்காரர்கள் இருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 3, திங்கள்

மறுபடி போனேன். அறையில் சார் தனியாகத்தான் இருந்தார். "என்ன பிள்ள, ஏதும் சொல்லணுமா?" என்றார். புதன்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பத்தரைக்கு என்றார். எனக்கு அது தெரியும்.

ஏப்ரல் 5, புதன்

கூண்டில் மாடத்தியக்கா. அதே நீலச் சேலை. சத்தியம் சொன்னார்.

வீட்டுக்காரரின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, பிப்ரவரி எட்டாம் தேதி எங்க இருந்தீங்க?"

"வீட்ல படுத்திருந்தேன்யா. காமாலை."

"வெளியவே வரலியா?"

"வரலய்யா. கீழாநெல்லி குடிச்சேன்." பிறகு, கேட்காமலேயே, "இன்னமும் குடிக்கேன்."

அவர் மலரைக் கொடுத்தார். ஏழாம் பக்கம் மடக்கியிருந்தது.

அக்கா பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த ஒரு நொடி. நான் எழுதியே ஆக வேண்டிய நொடி.

"நாந்தான்யா இது. விழாவுல குடுத்தாவ." நீதிபதி பக்கம் திருப்பிக் காட்டினார். "நல்லா விழுந்திருக்குல்லா?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதி மலரை வாங்கி, மூலையைப் படித்தார். எட்டாம் தேதி. பத்து ஐம்பத்திரண்டு. பின்னால் இதே நீதிமன்றத்தின் பெயர்ப்பலகை, பாதி.

"இது நம்ம வளாகம்தானம்மா. அன்னைக்குக் காலையில இங்கதான் நின்னிருக்கீங்க."

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. மலரை மார்போடு சேர்த்துக்கொண்டார். சேலை விலகினால் மூடுவதுபோல. என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வைகூட இல்லை. நான் அங்கே இருக்கிறேனா என்று மட்டும் பார்த்தார்.

என் செருப்பின் வார் அறுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் நீதிமன்றத்தில் பேச முடியாது.

"என்ன நடந்ததோ அத எழுதியிருந்தா..." என்று நீதிபதி தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உத்தரவு பன்னிரண்டாம் தேதி."

ஏப்ரல் 12, புதன்

மனு தள்ளுபடி. மனுதாரர் சுத்தமான கரங்களுடன் வரவில்லை என்று ஒரு வரி.

வெளியே வேப்பமரத்தடியில் அக்காவுக்கு அதை விளக்கினேன். கைகளைத் திருப்பிப் பார்த்தார். பீடித்தூள் ஏறிய விரல்கள். விளக்கியதில் ஏதோ தவறு செய்துவிட்டேன்.

கைகளை முந்தியில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப இனிமே எண்ணெய் சேக்கலாம்லாட்டி?"

ஏப்ரல் 29, சனி

மேல்முறையீடு செய்யலாம் என்று பிச்சையா சார் சொல்லி அனுப்பினார். முப்பது நாள். ஆனால் பிரமாணப் பத்திரத்தில் சொன்னதை மாற்ற முடியாது. அதையேதான் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

மாடத்தியக்கா வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மறுபடியும் காமாலையா? வேண்டாம் தாயி. ஒரு தடவ வந்து போனா போதும்."

"வேற மாதிரியும் எழுதலாம்க்கா."

"வேற என்ன இருக்கு எழுத?" இப்போது நிமிர்ந்தார். காத்திருந்தார். சுளகில் விரல்கள் நின்றிருந்தன.

வரிசையில் யாருடைய பிள்ளையோ அழுதது. நான் உள்ளே போனேன்.

மே 12, வெள்ளி

தேர்வு. மேல்முறையீட்டுக்கு முப்பதாவது நாள்.

ஜூன் 14, புதன்

காலி செய்ய வைக்கக் கோர்ட் அமீனா பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஒரு கட்டில், இரண்டு குடம், அரிசிப் பானை, சுளகு. நானும் ஜெபசிங்கும் எடுத்துப் போட்டோம். ஒரு லோடு ஆட்டோ நிறையவில்லை. கயத்தாற்றில் தங்கை வீடு. "அவ மாப்ள ஒரு மாதிரி. பாத்துக்கிடுவேன்."

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படத்தை அக்கா ஏற்கெனவே எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார், முகம் உள்பக்கமாக.

"அத ஏன்க்கா?" என்று ஜெபசிங் கேட்டான். கோபத்தில் கேட்டான்; கோபம் அக்கா மேல் இல்லை.

"செத்தா வைக்க ஒரு படம் வேணும்லா. இதவிட நல்லா இனிமே எங்க விழப்போவுது."

ஆட்டோ கிளம்பும்போது முந்தியை அவிழ்த்து மையத்துச் சாவியைக் கொடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"ஒம்பதுக்கே வந்துருவாவ. வெயில்ல நிக்க விட்டுராத. கைப்பிள்ளக்காரி வந்தா முன்னால விடு."

"அக்கா, அன்னைக்கு சார்ட்ட ஏன் தண்ணி குடிக்கப் போனேன்னு சொன்னீங்க?"

அவர் சுளகைச் சாய்த்து வைத்தார். "நீ படிக்கிற பிள்ள. உன் பேரு கெட்டுப்போனா, நாளைக்கு அந்த வாசல்ல வந்து நிக்கவ யாரத் தேடிப் போவா?"

சாவி சூடாக இருந்தது.

ஜூன் 17, சனி

எட்டரைக்குத் திறந்தேன். பெருக்கினேன். தண்ணீர் வைத்தேன். வாசல் சிமெண்ட் வெடிப்பில் பீடித்தூள் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

ஒன்பது பேர். வரிசையில் ஒழுங்கில்லை. கைப்பிள்ளையோடு ஒருத்தி கடைசியில் நின்றாள். முன்னால் கூப்பிட்டேன். மற்றவர்கள் முறைத்தார்கள். அக்கா கூப்பிட்டால் யாரும் முறைத்ததில்லை.

எல்லோரும் போன பிறகு இன்னொரு படிவம் எடுத்தேன்.

பெயர்: மாடத்தி.

முகவரி: வளவின் பெயரை எழுதினேன். அடித்தேன். கயத்தாறு என்று எழுதினேன்.

என்ன நடந்தது: வழக்குக்காக மாடத்தி காலை பத்து மணிக்கே நீதிமன்றம் வந்துவிட்டார். அவரை நான் மரத்தடிக்கு அழைத்துப் போனேன். பத்து நாற்பதுக்கு, கூப்பிட்டுருவாவ, போணும் என்றார். முப்பத்து நான்காவது வழக்கு, நேரம் கிடக்கு என்றேன். மறுபடியும் சொன்னார். ஜெபசிங் கைபேசியை இறக்கினான். நான் அக்காவின் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினேன். சிரிங்கக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு, என்றேன். உள்ளேயிருந்து டவாலி கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது. எனக்காக அவர் சிரித்தார். அவருக்குக் காமாலை இல்லை. அதை எழுதியதும் நான்.

எப்போது: பிப்ரவரி 8. காலை 10:52.

இதைத் திங்கட்கிழமை நளினி மேடத்திடம் கொடுப்பேன். பிறகு பிச்சையா சாரிடம். என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் போட முடியுமா என்று கேட்பேன். நாள் தாண்டிவிட்டது. அக்கா வீட்டு முன்னால் இன்று காலை இடிக்கும் மஞ்சள் இயந்திரம் நிற்பதைப் பார்த்தேன். நான் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாமலும் போகலாம்.

உங்கள் குறை யார் மீது?

அறையில் யாரும் இல்லை. இருந்தும் குரல் இறங்கியது.

உலகம்மாள். சட்டம், ஐந்தாம் ஆண்டு.

எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.